தீவனப் பையில் இல்லாத வரி

சேலம் மாவட்டத்து ஜலகண்டாபுரத்துக்கு வரும் கறிக்கோழிக் குஞ்சு தாயைப் பார்த்ததில்லை. ஃபார்மலின் புகை காட்டிச் சுத்தம் செய்த முட்டையிலிருந்து, பொரிப்பக எந்திரத்தின் சூட்டில், 21-ஆம் நாள் வெளியே வருகிறது. பெட்டியில் அடைபட்டு வண்டியேறி, தறிச் சத்தம் ஓயாத தெருக்களைத் தாண்டி, தோட்டத்து ஷெட்டில் இறங்குகிறது. அப்போது அதன் எடை 40 கிராம் சொச்சம். வெல்லத் தண்ணீர் குடித்துவிட்டு, புரூடர் வெளிச்சத்தில் காகிதத்தின் மேல் தூவிய தீவனத்தைக் கொத்தத் தொடங்குகிறது. சுமார் 40 நாளில் அது 2 கிலோவைத் தாண்டியாக வேண்டும்.

நாட்டுக்கோழிக் குஞ்சுக்கு இந்த அவசரம் கிடையாது. அடைக்கோழியின் வயிற்றுக்கடியில் பொரிந்து, தாய் கிளறிய குப்பையைத் தானும் கிளறி, அதன் எச்சம் பட்ட தானியத்தைப் பொறுக்கித் தின்னும்போதே தாயின் குடலில் இருந்த நுண்ணுயிரிகள் குஞ்சின் குடலுக்குள் போய்விடுகின்றன. பொரிப்பகக் குஞ்சுக்கு அந்தத் தாய்வீட்டுச் சொத்து இல்லை. ஏறக்குறைய காலியான குடலோடு வந்து இறங்குகிறது. முதல் சில நாட்களில் கூளத்திலிருந்தோ தண்ணீர்க் குழாயிலிருந்தோ எது முதலில் உள்ளே நுழைகிறதோ, அது குடியேறிவிடுகிறது. அது நல்லதாக இருந்தால் பேட்ச் தப்பியது. ஈ.கோலை, சால்மோனெல்லா, கிளாஸ்ட்ரிடியம் வகையாக இருந்தால் மூன்றாவது வாரத்தில் ஷெட்டுக்குள் கழிச்சல் வாடை அடிக்கும்.

அந்தக் காலி இடத்தை நாமே தேர்ந்தெடுத்த நுண்ணுயிரியைக் கொண்டு நிரப்பும் முயற்சிக்குத்தான் புரோபயாட்டிக் என்று பெயர். லாக்டோபேசில்லஸ், பேசில்லஸ் சப்டிலிஸ், என்டிரோகாக்கஸ், ஈஸ்ட் போன்றவற்றை உயிரோடு தீவனத்திலோ தண்ணீரிலோ கலந்து கொடுக்கிறார்கள். ப்ரீபயாட்டிக்கில் உயிர் கிடையாது. அது அந்த நல்ல பாக்டீரியாவுக்கான இரை. கோழியால் செரிக்க முடியாத, பாக்டீரியாவால் தின்ன முடிகிற சர்க்கரைத் தொடர்கள். வெங்காயத்திலும் பூண்டிலும் இருக்கும் ஃபிரக்டான் ஒரு வகை. ஈஸ்டின் மேல்சுவரிலிருந்து எடுத்து 'எம்.ஓ.எஸ்.' என்ற பெயரில் விற்கப்படும் மானன் இன்னொரு வகை.

இவை வேலை செய்கின்றன. ஆனால், எல்லா ஷெட்டிலும் ஒரே அளவில் செய்வதில்லை. எந்த ஷெட்டில், எந்தப் பருவத்தில், எவ்வளவு பலன் என்பதை முதலில் அறிய வேண்டியவர் கோழி வளர்ப்பவர். அவருக்கோ தன் ஷெட்டில் இறங்கும் தீவனப் பையில் என்ன கலந்திருக்கிறது என்பதே தெரியாது. சேலம், நாமக்கல் சமவெளியில் இந்தத் தொழில்நுட்பத்தைப் பற்றிப் பேசுவதானால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

பின்லாந்தில் தொடங்கியது

1971-இல் பின்லாந்தின் கறிக்கோழிப் பண்ணைகளில் சால்மோனெல்லா இன்ஃபான்டிஸ் என்ற கிருமி பெரிய அளவில் பரவியது. எஸ்கோ நுர்மி, ரன்டலா என்ற இரு ஆய்வாளர்கள், வளர்ந்த கோழியின் குடலில் இருந்த சரக்கை எடுத்துப் புதிதாகப் பொரிந்த குஞ்சுகளுக்குக் கொடுத்தார்கள். பிறகு அதே குஞ்சுகளுக்குச் சால்மோனெல்லாவைக் கொடுத்துப் பார்த்தபோது அது குடலில் காலூன்ற முடியாமல் போனது. 1973-இல் 'நேச்சர்' இதழில் வந்த அந்தக் கட்டுரைதான் கோழிக் குடலில் நல்ல பாக்டீரியாவை முந்திக் குடியேற்றும் வழிக்கு அடித்தளம். பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியே துண்டு போட்டு இடம் பிடிக்கிற வித்தைதான். பின்னால் ஏறுகிறவர் நின்றுகொண்டே போக வேண்டும்.

இடம் பிடிப்பதோடு வேலை முடிவதில்லை. லாக்டோபேசில்லஸ் வகைகள் லாக்டிக் அமிலத்தைச் சுரந்து சுற்றுப்புறத்தைப் புளிக்க வைக்கின்றன. கெட்ட கிருமிகளில் பலவற்றுக்கு அந்தப் புளிப்பு ஆகாது. பேசில்லஸ் வகைகள் செரிமானத்துக்கு உதவும் நொதிகளையும் தருகின்றன. ஈ.கோலை போன்ற கிருமிகள் தம் உடலில் உள்ள மெல்லிய இழைகளால் குடல் சுவரில் இருக்கும் மானோஸ் சர்க்கரையைப் பற்றிக்கொண்டுதான் தங்குகின்றன. ஈஸ்ட் மானனைத் தீவனத்தில் சேர்த்தால், ஏமாந்து அதைப் பற்றிக்கொண்டு எச்சத்தோடு வெளியேறிவிடுகின்றன. ப்ரீபயாட்டிக்கைத் தின்று நல்ல பாக்டீரியா நொதிக்கும்போது பியூட்ரிக் அமிலம் கிடைக்கிறது. குடல் சுவரின் செல்களுக்கு அது நேரடி எரிபொருள். சுவரில் சத்தை உறிஞ்சும் நுண்விரல்கள் நீண்டு வளர்ந்தால், தின்ற தீவனத்தில் எச்சமாகப் போகும் பங்கு குறைந்து கறியாகும் பங்கு கூடும். ஷெட்டில் எல்லோர் வாயிலும் புழங்கும் 'எஃப்.சி.ஆர்.' என்பது இந்தக் கணக்குத்தான்: ஒரு கிலோ உயிர் எடைக்கு எத்தனை கிலோ தீவனம் என்பது.

ஆன்டிபயாட்டிக் வந்த வழி

புரோபயாட்டிக் இவ்வளவு பேசப்படுவதற்குக் காரணம் அது நிரப்ப வந்திருக்கும் இன்னொரு காலி இடம். அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகத்தில் தாமஸ் ஜூக்ஸும் ராபர்ட் ஸ்டோக்ஸ்டாடும் குஞ்சுகளுக்கு வைட்டமின் பி12 தரும் மலிவான பொருளைத் தேடிக்கொண்டிருந்தார்கள். ஆரியோமைசின் தயாரிப்பில் மிஞ்சிய கழிவைக் கொடுத்தபோது, பி12 மட்டும் தரக்கூடியதைவிடக் குஞ்சுகள் அதிகமாக வளர்ந்தன. அந்தக் கழிவில் எஞ்சியிருந்த ஆன்டிபயாட்டிக்தான் காரணம் என்பது 1950-இல் உலகுக்குத் தெரிந்தது. அதன் பின் நோய் இல்லாத கோழிக்கும் தீவனத்தில் சிறு அளவு ஆன்டிபயாட்டிக் கலப்பது உலக வழக்கமாகிவிட்டது.

விலை வேறு இடத்தில் கொடுக்கப்பட்டது. தினமும் சிறு அளவு மருந்தில் ஊறும் பாக்டீரியாக்களில் அதைத் தாங்கப் பழகியவை மட்டும் தங்கிப் பெருகின. ஸ்வீடன் 1986-இலேயே வளர்ச்சிக்காக ஆன்டிபயாட்டிக் கலப்பதை நிறுத்தியது. ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜனவரி 1 முதல் முழுவதுமாகத் தடை செய்தது. உலக சுகாதார நிறுவனம் 2017-இல் இதையே எல்லா நாடுகளுக்கும் பரிந்துரைத்தது.

தமிழ்நாடு இந்தப் பேச்சுக்குப் புதிதல்ல. மருந்துக்கு அடங்காத கிருமிகளைப் பற்றி மருத்துவர் அமைப்புகள் கூடி 'சென்னைப் பிரகடனம்' வெளியிட்டது 2012-இல். டெல்லியில் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2014-இல் 70 கோழி இறைச்சி மாதிரிகளைச் சோதித்ததில் 40 சதவீதத்தில் ஆன்டிபயாட்டிக் எச்சம் இருந்தது. மனிதர்களுக்கு வேறு எந்த மருந்தும் கேட்காதபோது கடைசியாகக் கை வைக்கும் கொலிஸ்டின், கோழிப் பண்ணைகளில் தாராளமாகப் புழங்கியது. 2019 ஜூலையில் மத்திய அரசு உணவுக்காக வளர்க்கப்படும் விலங்குகளுக்கு அதைத் தடை செய்தது. 2025-இல் குளோராம்ஃபெனிகாலும் நைட்ரோஃபியூரான்களும் அந்தப் பட்டியலில் சேர்ந்தன.

கதவுகள் ஒவ்வொன்றாக மூடப்படுவது நல்லதே. ஆனால் ஆன்டிபயாட்டிக்கை எடுத்த இடத்தில் ஒரு புரோபயாட்டிக் பாக்கெட்டைச் செருகினால் எல்லாம் பழையபடி நடக்கும் என்று விற்பனைப் பிரதிநிதி சொல்வதை அப்படியே நம்ப முடியாது. டென்மார்க் 1998-லேயே கறிக்கோழித் தீவனத்தில் ஆன்டிபயாட்டிக்கை நிறுத்தியது. எஃப்.சி.ஆர். இழப்பு ஒரு சதவீதத்துக்கும் குறைவு, சாவு கூடவில்லை. அமெரிக்காவின் பெர்டியூ நிறுவனம் சுமார் 70 லட்சம் கோழிகளை வைத்துத் திரட்டிய விவரங்களைப் பொருளாதார நோக்கில் ஆராய்ந்து 2007-இல் வெளியான கட்டுரை, வளர்ச்சிக்காகக் கலக்கும் ஆன்டிபயாட்டிக்கால் கிடைக்கும் லாபத்தைவிட அதன் செலவே அதிகம் என்றது. இந்த இரண்டும் ஒரு பக்கம். மறுபக்கம், 'ஆன்டிபயாட்டிக் அறவே இல்லை' என்று விளம்பரம் செய்துவந்த டைசன் நிறுவனம் 2023-இல் அந்த வாக்கிலிருந்து இறங்கி, மனித மருத்துவத்தில் பயன்படாத, ரத்தக் கழிச்சலைத் தடுக்கும் அயனோஃபோர் மருந்துகளுக்கு மீண்டும் இடம் கொடுத்தது. பணமும் ஆய்வுக்கூடமும் கைவசம் உள்ள நிறுவனத்துக்கே ரத்தக் கழிச்சல் இன்னும் சவால்தான்.

சேலத்து வெயிலில் என்ன ஆகும்?

டென்மார்க்கின் ஷெட் மூடியது. வெப்பமும் காற்றும் எந்திரத்தின் கையில். ஜலகண்டாபுரம், தாரமங்கலம், எடப்பாடிப் பக்கத்து ஷெட் பெரும்பாலும் இரு புறமும் கம்பி வலை, மேலே ஷீட், கீழே தென்னை நார்க்கழிவோ உமியோ பரப்பிய தரை. சித்திரை வெயிலில் கூரை மேல் தண்ணீர் தெளித்தும் கோழி வாயைத் திறந்து மூச்சு வாங்கும். அப்போது உடல் சூட்டைத் தணிக்க ரத்தம் தோல் பக்கம் திரும்புகிறது. குடலுக்குப் போவது குறைகிறது. குடல் சுவர் தளர்ந்து கிருமிக்கு வழி விடுவது இந்த நேரத்தில்தான். புரோபயாட்டிக் பற்றிய ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரியும் ஒரு போக்கு உண்டு: சுத்தமான கூண்டில், குளிர்ந்த அறையில் வளரும் கோழியில் பலன் சொற்பம்; வெப்பம், நெருக்கம், கிருமித் தாக்குதல் என்று சிரமப்படும் கோழியில் பலன் கூடுதல். அந்த வகையில் நம் ஷெட்களுக்கு இதன் தேவை ஐரோப்பாவைவிட அதிகம்.

ஆனால் அதே ஷெட்டில்தான் புரோபயாட்டிக் செத்துப்போகும் வழிகளும் அதிகம். போர்த் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் போடுவது இங்கே அன்றாட வேலை. அந்தத் தண்ணீரில் லாக்டோபேசில்லஸைக் கலந்தால் கோழியின் வாய்க்குப் போகுமுன் குளோரின் அதைக் கொன்றுவிடும். லசோட்டா என்ற தடுப்பு மருந்தைத் தண்ணீரில் வைக்கும் நாளில் குளோரினை நிறுத்தி, பால் பவுடர் கலக்க வேண்டும் என்பது வளர்ப்பவர் எல்லோருக்கும் அத்துப்படி. அதே கவனம் புரோபயாட்டிக் கொடுக்கும் நாளிலும் வேண்டும். தீவன ஆலையிலும் ஆபத்து உண்டு. குருணைத் தீவனம் தயாராகும்போது நீராவிச் சூடு 80 டிகிரியைத் தாண்டும். விதை போல உறங்கும் நிலைக்குப் போகத் தெரிந்த பேசில்லஸ் அதைத் தாங்கும்; லாக்டோபேசில்லஸ் தாங்காது. மே மாதத்தில் தகரக் கூரைக்கடியில் ஒரு மாதம் கிடக்கும் பாக்கெட்டில் எத்தனை உயிர் மிஞ்சும் என்பது வேறு கேள்வி.

இவற்றையெல்லாம்விட வினோதமானது ஒன்று உண்டு. பேசித்ராசின் போன்ற ஆன்டிபயாட்டிக்குகள் கிராம்-பாசிட்டிவ் வகை பாக்டீரியாவைக் கொல்லக்கூடியவை. லாக்டோபேசில்லஸும் பேசில்லஸும் அதே வகைதான். ஒரே பையில் இரண்டையும் சேர்த்தால், சில ரகங்கள் தப்பலாம். மற்றபடி ஒரு கையால் விதைத்ததை இன்னொரு கையால் பிடுங்குவதுதான் நடக்கும். தீவனத்தில் ஆன்டிபயாட்டிக் இருக்கிறதா என்று தெரியாத விவசாயி, தன் கைக்காசில் புரோபயாட்டிக் வாங்கித் தண்ணீரில் கலந்தால் அந்தப் பணம் எங்கே போகும் என்று யாரும் சொல்ல முடியாது.

புரோபயாட்டிக் என்றாலே தீங்கில்லாதது என்ற நினைப்பும் சரியல்ல. என்டிரோகாக்கஸ் ரகங்களில் சில, ஆன்டிபயாட்டிக்கை எதிர்க்கும் மரபணுக்களைச் சுமந்துகொண்டு இருப்பவை. அதனால்தான் தீவனத்தில் சேர்க்கும் ஒவ்வொரு ரகத்தையும் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் இந்தக் கோணத்தில் மதிப்பிட்ட பிறகே ஐரோப்பிய ஒன்றியம் அனுமதி தருகிறது.

யார் செலவு, யார் வரவு?

உடுமலைப்பேட்டை வட்டாரத்தில் 1990-களின் தொடக்கத்தில் சுகுணா நிறுவனம் பரப்பிய ஒப்பந்த வளர்ப்பு முறை இன்று தமிழ்நாட்டுக் கறிக்கோழித் தொழிலின் நடைமுறையாகிவிட்டது. குஞ்சு, தீவனம், மருந்து மூன்றும் கம்பெனியுடையவை. ஷெட், தண்ணீர், மின்சாரம், ஆள்கூலி, ராத்தூக்கம் விவசாயியுடையவை. கோழி பிடிக்கும் நாளில் எடை, சாவு, எஃப்.சி.ஆர். எல்லாம் கணக்கிட்டுக் கிலோவுக்குச் சில ரூபாய் வளர்ப்புக் கூலி வரும். தீவனத்தில் எதைச் சேர்ப்பது என்று முடிவு செய்வது கம்பெனி. அதன் விளைவில் பங்கு சுமப்பது விவசாயி.

ஒரு கணக்குப் போடலாம். 5,000 கோழிகள், தலைக்கு 2 கிலோ, மொத்தம் 10,000 கிலோ. எஃப்.சி.ஆர். 1.65-லிருந்து 1.60-ஆகக் குறைந்தால் 500 கிலோ தீவனம் மிச்சம். கிலோ 40 ரூபாய் என்று வைத்தால் 20,000 ரூபாய். டன்னுக்கு அரைக் கிலோ வீதம் 16 டன் தீவனத்துக்கு 8 கிலோ புரோபயாட்டிக் தேவை. கிலோ 500 ரூபாய் என்றால் செலவு 4,000. எஃப்.சி.ஆர். வெறும் 0.01 குறைந்தாலே போட்ட காசு திரும்பிவிடும்.

சிக்கலும் அந்த 0.01-இல்தான் இருக்கிறது. ஒரு பேட்சுக்கும் அடுத்த பேட்சுக்கும் இடையே குஞ்சின் தரம், வெயில், மின்தடை, மக்காச்சோளத்தின் ஈரம் ஆகியவை ஏற்படுத்தும் வேறுபாடு அதைவிடப் பல மடங்கு பெரிது. ஆகவே, "போன தடவை போட்டேன், நல்லா வந்துச்சு" என்கிற அனுபவமும், "போட்டும் ஒண்ணும் ஆகலை" என்கிற அனுபவமும் ஒரே அளவுக்கு நம்பத்தகாதவை. ஒரே காலத்தில், ஒரே குஞ்சை, ஒரே தீவனத்தை, பல ஷெட்களில் பாதிப் பாதியாகப் பிரித்து வைத்துப் பார்த்தால்தான் இவ்வளவு சிறிய பலன் கண்ணுக்குத் தெரியும். தனி விவசாயியால் அதைச் செய்ய முடியாது. கம்பெனிகளால் முடியும். அவை செய்து பார்த்தாலும் முடிவைச் சொல்லப்போவது வளர்ப்பவரிடம் அல்ல.

அந்த 20,000 ரூபாய் மிச்சத்தில் விவசாயிக்கு எவ்வளவு என்பது ஒப்பந்தத்தைப் பொறுத்தது. எஃப்.சி.ஆர். ஊக்கத்தொகையாகக் கொஞ்சம் வரலாம். அதே புரோபயாட்டிக்கின் விலை உற்பத்திச் செலவில் மருந்துக் கணக்காக ஏறினால், பலன் கிடைக்காத பேட்சில் அவர் கூலியே குறையலாம். பெருநகரங்களில் 'ஆன்டிபயாட்டிக் இல்லாத கோழி' என்று கூடுதல் விலைக்கு விற்கும் பாக்கெட்டுகளின் அந்தக் கூடுதல் பணத்தில் ஒரு பங்கு ஷெட்டுக்கு வர வேண்டும் என்று வளர்ப்பவர் கேட்டால் அதில் தவறேதும் இல்லை.

செய்யக்கூடியவை

முதலில் பை. மனிதர்களுக்கான புரோபயாட்டிக் உணவில் ஒரு நாள் அளவுக்குக் குறைந்தது 10 கோடி உயிருள்ள நுண்ணுயிரிகள் இருக்க வேண்டும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் (எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.) விதி சொல்கிறது. கோழித் தீவனத்திலும் அந்த அளவுக்குக் கறாரான அறிவிப்பு வேண்டும்: எந்த நுண்ணுயிரி, எந்த ரகம், கிராமுக்கு எத்தனை உயிர், எந்தத் தேதி வரை, கூடவே எந்த ஆன்டிபயாட்டிக், எந்த ரத்தக் கழிச்சல் தடுப்பு மருந்து. தீவனக் கலவை தொழில் ரகசியம் என்று கம்பெனிகள் சொல்லக்கூடும். எத்தனை கிலோ மக்காச்சோளம், எத்தனை கிலோ சோயா என்பது ரகசியமாகவே இருக்கட்டும். உயிருள்ள பொருளின் பெயரும் மருந்தின் பெயரும் ரகசியம் ஆக முடியாது. அவை கடைசியில் கோழி தின்கிறவரின் தட்டுக்கு வருபவை. பையில் இவற்றைச் சொல்லும் வரி தமிழில் இருக்க வேண்டும்.

அடுத்தது சோதனை. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி 1985-லிருந்து இந்தத் தொழிலின் நடுவே இருக்கிறது. நாமக்கல்லிலேயே தீவனத்தைப் பகுத்துப் பார்க்கும் ஆய்வகமும் கால்நடைப் பல்கலைக்கழகத்துக்கு உண்டு. சேலம் மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் தலைவாசலில் ஒருங்கிணைந்த கால்நடை ஆராய்ச்சி நிலையம் எழுந்திருக்கிறது. சந்தையில் விற்கும் புரோபயாட்டிக் பாக்கெட்டுகளைக் கடையிலிருந்தே வாங்கி, பாக்கெட்டில் எழுதிய அளவு உயிர் உள்ளே இருக்கிறதா என்று ஆண்டுதோறும் சோதித்துப் பெயரோடு வெளியிடுவது இந்த நிறுவனங்களின் கைக்கு எட்டும் வேலைதான். பெரிய நிதி கேட்கும் காரியமும் அல்ல.

மூன்றாவது, ஒப்பந்தத்தில் இரண்டு வரி. கம்பெனி முடிவு செய்து சேர்க்கும் பொருளின் செலவை வளர்ப்புக் கூலிக் கணக்கில் ஏற்றக் கூடாது என்பது ஒன்று. ஆன்டிபயாட்டிக் இல்லாமல் வளர்த்த பேட்சுக்குக் கிலோவுக்குத் தனித் தொகை என்பது இன்னொன்று. பல்லடத்தில் தினமும் விலை அறிவிக்கும் கறிக்கோழி உற்பத்தியாளர்கள் கூட்டாக உட்கார்ந்தால் இதை ஒரு நாளில் முடிவு செய்யலாம்.

ஷெட்டுக்குள் செய்ய வேண்டியது இவை எதற்கும் காத்திருக்கத் தேவையில்லை. பேட்ச் முடிந்ததும் நிப்பிள் குழாய்களின் உட்புறம் படிந்திருக்கும் வழவழப்பைக் கழுவி எடுப்பது, நனைந்த கூளத்தை அன்றே அள்ளி மாற்றுவது, முதல் மூன்று நாள் புரூடர் சூடு குறையாமல் பார்ப்பது, புரோபயாட்டிக் கொடுப்பதானால் அதைக் குஞ்சு இறங்கும் முதல் தண்ணீரிலேயே குளோரின் இல்லாமல் கொடுப்பது. இவை இல்லாத ஷெட்டில் எந்த பாக்கெட்டும் வேலைக்கு ஆகாது.

கோடை பேட்சுக்கான குஞ்சுகள் மாசி, பங்குனியில் இறங்கும். கால்நடைப் பல்கலைக்கழகம் அதற்கு முன்பே சேலம், நாமக்கல் மாவட்டங்களில் விருப்பமுள்ள வளர்ப்பாளர்களின் ஷெட்களைத் தேர்ந்தெடுத்துப் பாதிப் பாதியாகப் பிரித்துச் சோதனையைத் தொடங்கினால், வெயிலின் உச்சத்தில் இரண்டு பேட்ச் முடிந்து ஆடிக்குள் கணக்கு கையில் இருக்கும். அடுத்த கோடைக்கான தீவனப் பையில் எந்த ரகத்தைச் சேர்ப்பது, எதை விடுவது என்று கம்பெனியிடம் கேட்க வளர்ப்பவருக்கு அப்போது ஒரு எண் இருக்கும்.